பத்லி நடந்த பத்தொன்பது சுற்று

இதய நோயாளியை வராண்டாவில் நடக்கவிட்டுச் சுற்று எண்ணுவது கண் தெரிந்த எவனும் செய்யக்கூடிய வேலை; எண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். வார்டு ஆயா, கம்பவுண்டர், ரத்தம் எடுக்க வீடு வீடாக அலைகிறவர் என்று, நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

நான் ஏழாவது வரை படித்தவன். தங்கச் சுரங்கத்தை மூடும்வரை பூமிக்கு அடியில் வேலை. பிறகு என்னென்னவோ செய்து, மூன்று வருடமாக ஒரு இருதய ஆராய்ச்சியில் களப்பணியாளர். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும். மீதிப் பேருக்கு மாத்திரையோடு பயிற்சியும் உண்டு. யார் தேறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பயிற்சிக்காரர்கள் தினமும் வீட்டுப் பக்கம் நடந்து ஒரு கார்டில் கோடு போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி வராண்டாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு எத்தனை சுற்று என்று எண்ணுவோம். அதைப் பார்த்து டாக்டர் பயிற்சியைக் கூட்டுவார்.

பதினாறு பக்கம்

சேரும் முன்பு ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதினாறு பக்கம். தமிழ்தான், ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று எழுதியவருக்கே வெளிச்சம். அதை வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டியது நான். ஸ்கெலட்டன் என்று நாங்கள் சொல்லும் சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் அசோகன் வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்து வாசித்தேன். அவனும் நானும் ஒரே ஷிப்டில், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் ஒரே கேஜில் இறங்கியவர்கள். மாரடைப்பு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

ஒன்பதாவது பக்கத்தில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவன் மனைவி சரோஜா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.  நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அசோகன் சொன்னான்: "ஆறாயிரம் அடி எறக்கும்போது ஒரு காயிதம் காட்டல. வராண்டாவுல நடக்கறதுக்குப் பதினாறு பக்கமா? இதுல எதோ கீதுப்பா."

எழுதிக் கொடுத்தது

கையெழுத்துப் போட்டுப் பயிற்சிக்காரர்களில் ஒருவனாகிவிட்ட அசோகன், முதல் நடைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். வராண்டாவின் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்திருக்கும். சுற்றி வர வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை நான் "நன்றாகச் செய்கிறீர்கள்" என்று சொல்ல வேண்டும். வேறு ஒரு சொல் கூடாது. குப்புற விழப் போகிறவனிடமும் அதையேதான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

நாலாவது நிமிடத்தில் அவன் உதடு வெளுத்தது. "மெதுவா போப்பா, யாரும் தொரத்தல" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். பதினோரு சுற்றோடு முடித்தான். அவனை உட்காரவைத்துவிட்டு, பெங்களூரிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிற எங்கள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். என் பேரனைவிட நாலு வயது கூட இருக்கும். "நீங்க பேசினா டேட்டா கெட்டுப்போகும், அங்கிள். எழுதிக் கொடுத்தத மட்டும் சொல்லுங்க."

நோட்டில் ஒரு எண்

மூன்று மாதம் கழித்து அசோகனின் அடுத்த நடை. அன்றைக்கு என்னை பேத்தமங்களாவுக்கு வீட்டு விசாரிப்புக்கு அனுப்பிவிட்டார்கள். வராண்டாவில் எண்ணியது புதிதாகச் சேர்ந்த பெங்களூர்ப் பெண். மறுநாள் நோட்டைப் பார்க்கிறேன், பத்தொன்பது சுற்று என்று இருக்கிறது. ஒரு வாரம் முன்புதான் அவனைப் பஸ் ஸ்டாப் ஏற்றத்தில் பார்த்தேன். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்றான். "காத்து பத்தல" என்றான்.

அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையே தூக்கவில்லை. அந்தப் பத்தொன்பதைப் படமாகப் போட்டு, பார்வையிட வரப்போகும் பெரியவர்களுக்குக் காட்டத் தயார் செய்துகொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து அசோகனுக்குச் சைக்கிள் மிஷின், அதுவும் பாரம் கூட்டி என்று எழுதியாகிவிட்டது. "எக்சர்சைஸ் வேலை செய்யுது அங்கிள், சந்தோஷப்படுங்க. சயின்ஸ் இதுதான்."

ஸ்கெலட்டனில் விசாரணை

சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். அசோகன் கட்டிலில் மூன்று தலையணையைச் சாய்த்து, அதில் முதுகு வைத்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். சரோஜா என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "யார் நடந்தது?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்தான். "பத்லி," என்றான்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலைக்கு ஒருவன் வர முடியாவிட்டால் அவன் இடத்தில் நிற்கும் மாற்று ஆள்தான் பத்லி. சிலர் மெடிக்கலுக்கும் பத்லி அனுப்புவார்கள். நெஞ்சில் தூசி இருக்கிறது, அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அதனால் நல்ல நுரையீரல் உள்ளவன் கார்டை எடுத்துக்கொண்டு போய் நிற்பான். வயசுக் காலத்தில் நானே ஒருத்தனுக்காக மூச்சை இழுத்து விட்டிருக்கிறேன். அந்தப் பயம் அசோகனை இத்தனை வருடம் கழித்தும் விடவில்லை. குறைவாக நடந்தால் ஆராய்ச்சியிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள், அப்புறம் நம்மை யார் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறான். குறைந்தால்தான் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள் என்பது அந்தப் பதினாறு பக்கத்திலும் புரிகிற மாதிரி எழுதியிருக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமை சைக்கிள் மிதித்தால் செத்துப்போவான். சொன்னால் காட்டிக்கொடுத்தவன் நான். அந்தக் கோபத்தோடு பக்கத்து வீட்டு முருகேசனைப் பிடித்தேன். குழாய் ரிப்பேர்க்காரன், முப்பது வயது, நடந்தது அவன்தான். திட்டி முடித்ததும் ரொம்ப வருத்தமாகச் சொன்னான்: "மெதுவாத்தாண்ணா நடந்தேன். அந்தப் பொண்ணு நல்லா செய்றீங்க, நல்லா செய்றீங்கன்னு சொல்லிக்கினே இருந்திச்சி, காலு தானா ஓடிடிச்சி."

திங்கட்கிழமை

சொல்லிவிட்டேன். மறுநாளே போனில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. கார்டைச் சரிபார்த்துத்தான் நடக்கவிட்டதாக அந்தப் பெண் சொல்கிறாளாம். கார்டில் போட்டோ கிடையாது, அசோகன் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் எம்.எஸ்ஸி., நான் ஏழாவது. யார் பேச்சு எடுபடும் என்று நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை அசோகன் அதே இஸ்திரி போட்ட சட்டையில், சரோஜாவின் தோளைப் பிடித்தபடி வந்தான். வராமல் இருந்தால் பேர் போய்விடுமே. டாக்டர் மிஷினில் பாரத்தைத் திருகி வைத்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. போய் அந்தச் சைக்கிளில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மொதல்ல உங்க கண்ணு முன்னாடி அவன நடக்க விடுங்க சார். அதுவரைக்கும் எறங்க மாட்டேன்" என்றேன். அந்தப் பெண் அசோகன் முகத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் செக்யூரிட்டியைக் கூப்பிடப் போனாள். என்னை இறக்க முடியாமல் டாக்டர் கடுப்போடு வராண்டாவுக்கு நடந்தார்.

மூன்றாவது சுற்றில் அசோகன் சுவரைப் பிடித்தான். நாலாவது சுற்று இல்லை. ஈசிஜி எடுத்தார்கள், டாக்டர் முகம் மாறிவிட்டது. அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் பெங்களூருக்குக் கிளம்பியது. அதை அனுப்பிவிட்டு உள்ளே வந்த டாக்டர் நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க மிஷின்ல உக்காந்தத நான் ரிப்போர்ட்ல எழுதியே ஆகணும், அங்கிள்."

பேர்

அப்படியே எழுதினார். என் பெயரைப் போட்டு நெறிமுறை மீறல் என்று ஒரு தாள் வந்தது. பத்லி நடந்ததைப் பற்றி அதில் ஒரு வரி, அதுவும் கடைசியில். அசோகனுக்கு இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆள் மாறாட்டம் நடந்த கேஸ் கணக்கில் சேராது என்று ஆராய்ச்சியிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். பயிற்சி தேவைப்படுகிறவனுக்குப் பயிற்சி இல்லை. அவன் எதற்குப் பயந்தானோ, அதையே செய்து காட்டினார்கள்.

அவனைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். சரோஜா, "வாங்கண்ணா" என்று சேர் எடுத்துப் போட்டாள். அவன் முகம் தெளிந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. தினமும் சாயங்காலம் வா, கணக்கும் கார்டும் இல்லாமல் நானே உன்னோடு நடக்கிறேன் என்றேன். பையை வாங்கி வைத்துக்கொண்டான், என்னைப் பார்க்கவில்லை. "வர்றேன். ஆனா ஒண்ணு, உசுரக் காப்பாத்துனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத, என் பேர அடிச்சவனும் நீதான்."

மூன்று வருட அனுபவத்தில் சொல்கிறேன்: மாரடைப்பு வந்தவனை நடக்கவைத்துவிடலாம், ஆனால் படித்தவர்களை நோட்டிலிருந்து தலை தூக்கி எதிரே நிற்கிற ஆளைப் பார்க்கவைக்க இன்னும் எந்தப் பயிற்சியும் கண்டுபிடிக்கவில்லை.