பிட்சர் லானியும் என் மனைவியின் தாளும்

என் மனைவி வெர்னாவின் வாழ்க்கையில் இரண்டு ஆண்கள். ஒருவன் நான், எமில். கூரை ஒழுகினாலும் கார் கிளம்பாவிட்டாலும் கூப்பிடப்படுபவன். இன்னொருவன் லானி பிரூசெக். பதினேழு வருடத்தில் பதினான்கு அணிகளுக்கு பேஸ்பால் எறிந்துவிட்டு, எந்த அணியிலும் நிலைக்காமல் வீட்டுக்குப் போன பிட்சர். இந்த ஒஹையோவில் அவன் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன் என்பது என் தலையெழுத்து.

எங்கள் பின்னறையில் எனக்கு ஒரு நாற்காலி போட இடம் கிடையாது. அவன் கையெழுத்துப் போட்ட பந்துகள், படம் போட்ட அட்டைகள், பதினான்கு அணிகளின் தொப்பிகள், போதாக்குறைக்கு உடைந்த மட்டை ஒன்று. பந்து எறிகிறவனுக்கு மட்டை எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அவன் ஒரே ஒரு தடவைதான் உருப்படியா அடிச்சான். அதுல உடைஞ்சது இது."

"அதை நீ காசு குடுத்து வாங்கினியா?"

"நீ பீர் வாங்கறதை நான் கேட்டேனா?"

பேச்சு அதோடு முடிந்தது. என் மைத்துனன் ஒருமுறை கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், "அந்த ஆளை அவன் அம்மாவே மறந்திருப்பா" என்று சிரித்தான். அன்று அவனை நான் கிழித்த கிழியில் அடுத்த வருடம் அவன் வரவில்லை. என் மனைவியைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

அதுவும் எனக்கு ஏன் முழு மனதோடு சிரிப்பு வராது என்றால், இந்தப் பைத்தியம் ஆரம்பித்த நாள் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடம் ஆகிறது. ஆகஸ்ட் மாதம், புதன்கிழமை. எங்கள் ஊரில் அப்போது ஒரு வாஷிங் மெஷின் தொழிற்சாலை இருந்தது. வெர்னா அங்கே பதினோரு வருடமாக மெஷின்களுக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தாள். அன்று காலை ஒன்பது மணிக்கு எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்து, வேலை வேறு மாநிலத்துக்குப் போகிறது, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வாசல் வழியாகப் போங்கள் என்றார்கள். முன்வாசல் வழியாகக்கூட விடவில்லை. அந்த மேலாளர் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் பேசினானாம். இன்றைக்கும் அவன் எதிரே வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

வெர்னா வீட்டுக்கு வரவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு எதிரே இருந்த மைதானத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். பகல் ஆட்டம். எங்கள் ஊர் அணி பெரிய லீகுக்கு ஒரு படி கீழே உள்ளது. எறிந்தவன் லானி. வெர்னா நுழைவாயிலில் ஒரு ஸ்கோர் தாளும் பென்சிலும் வாங்கி, ஒவ்வொரு ஆட்டக்காரன் எப்படி அவுட் ஆனான் என்று கட்டம் கட்டமாகக் குறித்தாள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஆட்டம் பார்ப்பார்கள். எறிகிறவனைப் பாதியில் மாற்றுவதுதான் வழக்கம்; அன்று ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸையும் அவனே எறிந்தான். எதிரணிக்கு ஒரு ஓட்டம் கூடக் கிடையாது. அவன் வாழ்க்கையில் அதற்கு முன்னும் அப்படி எறிந்ததில்லை, பின்னும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வேலை போனதை முதலில் சொல்லவில்லை. "இன்னைக்கு ஒருத்தன், ஆரம்பிச்ச வேலையை அவனே முடிச்சதைப் பார்த்தேன் எமில்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

அப்புறம் பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை தட்டு கழுவினாள். லானி ஊர் ஊராக மாறினான், இவள் தொப்பி தொப்பியாகச் சேர்த்தாள். ஆனால் அந்த ஸ்கோர் தாளில் மட்டும் கையெழுத்து இல்லை. தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும் என்று பயம். தன் கண் முன்னால் அவன் போட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இந்த மார்ச்சில் எங்கள் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பேஸ்பால் அட்டைகளும் கையெழுத்துகளும் விற்கும் சந்தை. ராய்ஸ் என்ற வியாபாரி லானியைக் கூட்டி வந்திருந்தான். நல்ல காரியத்துக்கு இல்லை. பெரிய லீகில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரன் ஏதோ சாதனைக் கணக்கைத் தாண்டிய ஹோம் ரன்னை, அதாவது பந்தை மைதானத்தைத் தாண்டிப் பறக்கவிடும் அடியை, லானியின் பந்தில்தான் அடித்தான். அப்போது எடுத்த புகைப்படத்தில் அடித்தவன் இரு கையையும் தூக்கி நிற்கிறான், லானி முதுகைக் காட்டிக்கொண்டு பறக்கும் பந்தை அண்ணாந்து பார்க்கிறான். லானி கையெழுத்தும் இருந்தால் படத்துக்கு மதிப்பாம். கையெழுத்துக்குக் கீழே, "நான் போட்டேன், அவர் பறக்கவிட்டார்" என்றும் எழுதித் தர வேண்டுமாம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவன் கையில் அதே படம் ஆறு.

"ஆறு எதுக்குய்யா?" என்றேன்.

"விக்கத்தான். இந்த ஆளுக்கு வேற என்ன மதிப்பு?"

"இந்த ஆள் எறிஞ்ச ஒரு ஆட்டமாவது பார்த்திருக்கியா?"

"எதுக்குப் பார்க்கணும்?"

வெர்னா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டியை அங்கேயே வெளியே எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

எங்கள் முறை வந்தது. வெர்னா பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்து இரண்டு கையாலும் மேசையில் வைத்தாள். லானி வழுக்கை விழுந்து, தொந்தி வைத்து, தலை நிமிராமல் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தான். தாளை இழுத்தான். கையெழுத்துப் போட்டான். அதே வேகத்தில் கீழே எழுதினான். "நான் போட்டேன், அவர் பறக்கவிட்டார்."

கறுப்பு மை, அழியாது. எட்டாம் இன்னிங்ஸ் கட்டங்களின் மேலேயே எழுதிவிட்டான்.

"என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க" என்றாள் வெர்னா.

"எல்லாருக்கும் எழுதறதுதான் மேடம்."

"இது என்ன தாள்னு பாருங்க."

"மேடம், நகருங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றான் ராய்ஸ்.

"நீ வாயை மூடு" என்றேன் நான்.

லானி கண்ணாடியை மாட்டினான். முதலில் தேதியைப் பார்த்தான். பிறகு அவன் விரல் கட்டங்களின் மேல் நகர்ந்தது. ஏழாவது இன்னிங்ஸில் நின்றது.

"இது தப்பு. மூணாவது ஆள் மட்டையை வீசித் தவறவிட்டான். வீசாம அவுட்டுன்னு போட்டிருக்கீங்க."

"வீசலை. மணிக்கட்டைத் திருப்பினான், அவ்வளவுதான்."

"நான்தான் எறிஞ்சேன் மேடம்."

"நான்தான் பார்த்தேன்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் சிவந்தது.

"இதை ஏன் இங்க தூக்கிட்டு வந்தீங்க? அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு நான் குளிக்கக்கூட இல்லை, டீம் மேனேஜர் கூப்பிட்டாரு. பெரிய லீகுக்கு அனுப்பறாங்கன்னு நினைச்சு ஓடினேன். உன்னை வேற டீமுக்கு வித்தாச்சு, காலைல ஐடஹோக்கு பஸ் ஏறுன்னாரு. என் பொண்டாட்டிக்கு அப்ப எட்டு மாசம். அந்த ஹோம் ரன்னைப் பத்தி எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, தினம் நூறு தடவை எழுதறேன். இந்த ஆட்டத்தை நினைச்சாத்தான் வயிறு எரியுது."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். தாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்கிட்ட அன்னைக்கு எறிஞ்ச பந்துகூட இல்லை. இதை எனக்குக் குடுத்துடுங்க. வேற என்ன வேணும்னாலும் போட்டுத் தரேன்."

இத்தனை வருடம் எந்த ஆளைச் சபித்தேனோ, அந்த ஆளுக்காகக் கொடுத்துவிடு வெர்னா, கொடுத்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"குடுக்க மாட்டேன்" என்றாள். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கணும் நீ."

அவன் கைக்கு அடியிலிருந்து தாளை உருவி உறையில் போட்டாள். அவன் பேனாவை மறுபடி கையில் எடுத்தான். பிறகு, "அடுத்தவர்" என்றான்.

காரில் ஏறியதும் நான் வெடித்துவிட்டேன்.

"ஒரு தாள். ஒரே ஒரு தாள். அந்த மனுஷன் கேட்டான். அதுவும் கெட்டுப்போன தாள். குடுத்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்? அன்னைக்கு அவனுக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டே இல்ல? உனக்கு நடந்ததுதானே அவனுக்கும் நடந்திருக்கு?"

வெர்னா சீட் பெல்டை மாட்டினாள். என் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் இருந்த கோபத்தை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை.

"அவனையாவது இன்னொருத்தன் வாங்கினான் எமில்" என்றாள். "என்னை யாரு வாங்கினா?"