முதலில் கழுவிய கத்தி

என் மச்சான் இராசையா இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னமும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டைக் கொண்டுபோய் வைத்தது நான். தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இந்த வாயாடியும் சீதனத்தோட சேர்த்தியா?" என்று கேட்டார். "ஒங்க மூஞ்சிக்கு எங்கக்காவே அதிகம்" என்றேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு ஆரம்பித்த வம்பு அவர் கண் மூடும்வரை ஓயவில்லை.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தோட்டம். நான் பிள்ளைக் காம்பராவில் ஆயா; கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். மச்சான் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி உயர்ந்து போனால் இடுப்புக்குக் கீழே வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் புதுத் தளிர் வரும். அந்த வேலைதான் கவ்வாத்து. எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். மலையில் அவர் நக்கல் பேச்சும் ஆட்களின் சிரிப்பும் கீழே என் காம்பராவரைக்கும் கேட்கும். நித்திரையில் இருக்கிற குழந்தைகளை எழுப்பிவிடுகிறார்களே என்று நான் திட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது கவ்வாத்து நடந்தால் அந்தச் சத்தம் இல்லை. ஆசைப்பட்டாலும் திட்ட ஆள் இல்லை.

கவ்வாத்து தொடங்குமுன் கவ்வாத்துச் சாமி கும்பிட வேண்டும். முந்தின நாள் பொழுது சாயும்போது எல்லா ஆம்பிளைகளும் தங்கள் கத்தியை மச்சான் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் ஒவ்வொன்றையும் தீட்டி வைப்பார். மறுநாள் விடியுமுன் தனியாகத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய், தன் கத்தியை முதலில் மஞ்சள் தண்ணீரில் கழுவுவார். தலைவன் கத்திதான் முதல். பிறகு மற்றவர்களுடையது. எல்லாவற்றையும் மலையடி மரத்தின் கீழே சாமிக் கல்லுக்கு முன்னால் வரிசையாக வைத்து, சேவல் அறுத்து, பொங்கல் வைப்பார்கள். அன்றைக்குப் பிள்ளைக் காம்பராவுக்கும் ஒரு சட்டி கறிச்சோறு வரும். குழந்தைகளுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தை நான் வழித்துச் சாப்பிடுவேன். அந்த ருசி பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படி ஒரு சாமி கும்பிடு நாளில்தான் அந்தக் கொலை தெரியவந்தது. காவல்காரர் கிருஷ்ணராஜ், பாவம், முந்தின நாள் மத்தியானம் காவலுக்குப் போனவர், மேல் மலை ரோட்டோரம் கழுத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். அந்த மத்தியானம்தான் விறகு வெட்டியதைப் பிடித்தார் என்று கவ்வாத்து ஆட்களில் ஒருவனான விஜேந்திரன் அவரோடு சண்டை போட்டிருந்தான். வாய்தான் நீளம், யார் மேலும் கை ஓங்காத பையன். பொலிஸ் அவனைத்தான் கொண்டுபோனது. அவன் கத்தியும் மச்சான் கழுவி வைத்த வரிசையில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. மச்சானைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நானும் அக்காவும் கூடப் போனோம். பதுளை மேல் நீதிமன்றத்தில் வெள்ளைச் சட்டையும் சாரமுமாகக் கூண்டில் ஏறி நின்றார். கத்திகளை ஏன் கழுவினீர்கள் என்று விஜேந்திரன் பக்கத்துச் சட்டத்தரணி சிதம்பரநாதன் கேட்டார். சாமி விஷயத்தைப் பெரிய மனிதர்கள் கேட்கிறார்களே என்று மச்சானுக்கு ஒரே சந்தோஷம். மஞ்சள் கரைப்பது முதல் சேவல் அறுப்பது வரை எல்லாவற்றையும் சொன்னார்.

"எந்தக் கத்தி முதல்?"

"என்னோடதுதாங்க. தலைவன் கத்திதான் மொத. விடியறதுக்கு முன்னாடி, தனியாத்தான் கழுவணும்."

எவ்வளவு அழகாகச் சொன்னார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவுக்கும் அதே பேச்சுத்தான்.

கடைசியில் சட்டத்தரணிகள் வழக்கை முடித்துப் பேசும் தொகுப்புரை நாள் வந்தது. தோட்டத்தில் பாதிப் பேர் நீதிமன்றத்தில் இருந்தோம். சிதம்பரநாதன் சிங்களத்தில் பேசினார். விஜேந்திரனுக்காக மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வெட்டியவனைப் பார்த்தவர் யாருமில்லை, வாய்ச் சண்டை கொலைக்குச் சாட்சியாகாது என்று முதலில் சொன்னார். எனக்கு நல்லதாகப்பட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார். பிணத்தை யாரும் பார்க்குமுன், இருட்டில், தனியாக ஒருவர் கத்தி கழுவினார். முதலில் கழுவியது விஜேந்திரனுடைய கத்தி அல்ல. அது யாருடைய கத்தி என்று அவரே இந்தக் கூண்டில் நின்று சொன்னார். பொலிஸ் அந்தக் கத்தியை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஏன்?

அந்த "ஏன்" தமிழில் வந்து விழுந்ததும் எல்லாத் தலைகளும் மச்சான் பக்கம் திரும்பின. அவருக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

வெளியே வந்தால் திருவிழாக் கூட்டம். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் சிதம்பரநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நீதிமன்றத்துக்கு எதிரே பஸீல் நானாவின் தேநீர்க் கடையில் வேறு பேச்சே இல்லை. "பேப்பரப் பாக்காமப் பேசினாரே மனுஷன், கேக்கக் கேக்க மயிர் கூச்செறிஞ்சு போச்சு" என்று நானா சொன்னார். தான் பிளேன்டீயை நீட்டுவது யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. மச்சான் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் பேசினாருங்க" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சிதம்பரநாதன் வாகனத்தில் ஏறப் போனபோது மச்சான் எதிரே போய் நின்றார். நாலு கேள்வியாவது நறுக்கென்று கேட்பார் என்று நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, நான் உங்களைக் கொலைகாரன் எண்டு சொல்லேல்லை" என்றார் சட்டத்தரணி. "சந்தேகம் இருக்கெண்டுதான் சொன்னனான். பொடியனைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியேல்லை."

"பையன் வெளிய வந்துருவானாங்க?"

"வருவான் எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப சரிங்க."

அவ்வளவுதான் கேட்டார். வீட்டுக்குப் போனதும், "ஒங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா மச்சான்?" என்று கத்தினேன். "இருந்தத நேத்தே ஒனக்குக் குடுத்துட்டேன்டி விஜயா" என்றார். சிரிக்கவில்லை. வம்புக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் சிரிக்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேச்சு எங்களுக்கு முன்னாலேயே தோட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. எவனோ ஒருவன் சிதம்பரநாதன் படத்தைப் போட்டு 'மலையகத்தின் சிங்கம்' என்று ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தான். கீழே ஒருத்தி, "அந்தக் கத்திக்காரர இன்னும் ஏன் வெளிய விட்டு வச்சிருக்காங்க" என்று கேட்டிருந்தாள். பசறை பஸ்ஸில் ஓர் ஆள் எழுந்து நின்று சட்டத்தரணி மாதிரி குரலைத் தாழ்த்தி நடித்துக் காட்டினான். பஸ்ஸே கை தட்டியது. ஊர்க்காரன் பேசினால் போகட்டும். வருஷா வருஷம் அந்தச் சேவல் கறியைத் தின்ற எங்கள் ஆட்களுக்குமா தெரியாது, கத்தியை ஏன் கழுவுகிறோம் என்று? கொழுந்து நிறுக்கிற இடத்தில் அக்கா வந்தால் பேச்சு நின்றது. "நெருப்பில்லாமலா அந்த லோயர் ஐயா அவ்வளவு பேசுவாரு?" என்று நாக்கில் நரம்பில்லாமல் கேட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் மச்சான் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை.

விஜேந்திரனை விடுதலை செய்தார்கள். வெடி போட்டு, மாலை போட்டுக் கூட்டி வந்தார்கள். அன்று சாயங்காலமே அவன் மச்சான் வாசலில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நான் அப்பிடிப் பேசச் சொல்லல மாமா."

"தெரியும்டா. உள்ள வா, சாப்பிட்டுப் போ."

அக்கா தட்டை 'டங்' என்று வைத்தாள். ஆனால் இரண்டு கரண்டி சோறு கூடத்தான் போட்டாள். அவன் கொஞ்ச நாளில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். கிருஷ்ணராஜை யார் வெட்டினார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லோரும் மச்சானையே பார்த்தார்கள்.

அடுத்த கவ்வாத்து வந்தது. சாமி கும்பிடுக்கு முந்தின நாள், வெயில் இறங்கியதும் மச்சான் இஸ்தோப்பில் சாக்கை விரித்து, தீட்டுக்கல்லை வைத்து, தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய கத்தி மட்டும் கிடந்தது. ஆம்பிளைகள் எங்கள் லயத்து வீட்டு வரிசைக் கோடியில் கூடி நின்றார்கள். கத்தி எல்லோர் கையிலும் இருந்தது. ஒருவரும் வரவில்லை. வேறு தலைவரைப் போட்டுவிடலாமா என்று அவர்கள் பேசிக்கொண்டது எங்களுக்கே கேட்டது. மச்சான் காய்ந்த கல்லுக்கு மறுபடி மறுபடி தண்ணீர் தெளித்தார். அந்த மனுஷன் அப்படி உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் லெட்சுமியின் குரல் கேட்டது. கிருஷ்ணராஜின் பெண்சாதி. மலையிலிருந்து இறங்கியவள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நின்றாள். அவள் கையில் ஒரு பழைய கவ்வாத்துக் கத்தி. பொம்பளைகள் கத்தி கொண்டுவந்து கொடுக்கும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை.

"அண்ணே, இது அவரு காவலுக்குப் போறதுக்கு முந்தி கவ்வாத்து வெட்டுன கத்தி. துரு ஏறிக் கெடக்கு. தீட்டி, சாமிகிட்ட வைங்க."

மச்சான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். லெட்சுமி லயத்துக் கோடியைப் பார்த்துத் திரும்பினாள். அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் போடவில்லை.

"செத்தது எம் புருஷன். சந்தேகப்படணும்னா நாந்தான் மொதல்ல படணும். எனக்கு இல்ல. ஒங்களுக்கு என்னா?"

கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் வந்து சாக்கில் கத்தியை வைத்தார். பிறகு இன்னொருவர். எல்லோரும் வரவில்லை, சிலர் கடைசிவரை வரவேயில்லை. மச்சான் துருவைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் வழிந்து கத்தியில் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் வாசலிலேயே நின்று அழுதோம். லெட்சுமி அழவில்லை. பீலியில் கூட்டம் சேருமுன் குளிக்க வேண்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.