கெல்வினின் மீன்களுக்கு நடந்த ஊர்வலம்

கெல்வின் ட்ரெம்பாத்துக்கு உரக்கப் பேச வராது. எங்கள் ஊரான கடினாவில் மூன்று தலைமுறையாக அடக்கக் காரியம் நடத்தும் குடும்பம். பப்பில் பியர் கேட்டால்கூட, புருஷனைப் பறிகொடுத்தவளிடம் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் கேட்பார். அவருடைய அமரர் ஊர்தியைப் பல வருடம் ஓட்டியவன் நான். உள்ளே படுத்திருப்பவர் அதிகம் பேசுவாரா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கெல்வின் அதிகம் பேசுவாரா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.

பக்கத்து ஊரில் இதே தொழில் செய்தவர், ஆட்கள் காத்திருக்கும் அறையில் சின்னதாக ஒரு நீரூற்று வைத்தார். துக்கத்தோடு வருகிறவர்களுக்கு அது இதமாக இருக்கிறதாம். கெல்வினுக்குப் பொறுக்கவில்லை. அடிலெய்டுக்குப் போய்க் கண்ணாடித் தொட்டி ஒன்றும், பை நிறைய நியான் டெட்ராக்களும் வாங்கி வந்தார். பாதிச் சுண்டுவிரல் நீளத்தில் மீன்கள். உடம்போடு ஒரு நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு. தொட்டித் தண்ணீர் பக்குவப்படச் சில வாரம் ஆகும், அதுவரை மீனை விடாதீர்கள் என்று கடைக்காரப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். கெல்வின் அன்றைக்கே குழாய்த் தண்ணீரைப் பிடித்து மீன்களைக் கொட்டிவிட்டார்.

அந்த வாரம் கிளெம் பாஸ்கோ என்ற பெரியவருக்கு அடக்கம். குடும்பம் அறையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து வந்தது. துணைக்குப் பின்னாலேயே இன்னொன்று. கிளெமின் மகன் ட்ரெவர், கோதுமை போடுகிறவன், எழுந்து போய்க் குனிந்து பார்த்தான்.

“கெல்வின், எங்கப்பாவ உன்ன நம்பி விட்டிருக்கோம். உன்னால ஒரு துக்கடா மீன உயிரோட வச்சுக்க முடியல.”

“உயிரோட வச்சுக்கறது என் வேலை இல்லப்பா, ட்ரெவர்.”

முதலில் சிரித்தது கிளெமின் மனைவி ஏவிஸ்தான். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், பாவம், அடக்க முடியாமல் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

ஊர் விடுமா? மீன்களுக்குத் தேக்குப் பெட்டியா, பைன் மரப் பெட்டியா என்று பப்பில் கேட்டார்கள். கெல்வினின் மனைவி லோர்னா, தொட்டியைப் பின்கட்டில் இருந்த தங்கள் வீட்டுக் கூடத்துக்குத் தூக்க வைத்தாள். அதைத் தலைமுழுகிவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கெல்வினுக்கோ ரோஷம் வந்துவிட்டது.

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர், கெட்டிலின் அடியில் சுண்ணாம்பாகப் படிகிற ஜாதி. டெட்ராவுக்குச் சுண்ணாம்பு குறைந்த தண்ணீர் வேண்டும். அதனால் கூரைத் தொட்டியில் சேர்ந்த மழைநீரை எடுத்து, அதில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சமாகக் கலந்தார். கரி நிறத்தில் மணல் பரப்பினார், செடி நட்டார், வெளிச்சத்தைக் குறைத்தார். மீனே இல்லாத தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வாரக்கணக்கில் தண்ணீரைச் சோதித்தார். அது பக்குவப்பட்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக மீன் விட்டார். கூட்டமாக இருந்தால்தான் அதுகளுக்குத் தைரியமாம்.

ஒருநாள் காலையில் போன் செய்து, “எல்லாம் போச்சு” என்றார். நான் ஓடினேன். விளக்குப் போட்டதும் மீன்கள் வெளுத்து, கோடே இல்லாமல் நின்றனவாம். இருட்டில் அதுகளுக்கு நிறம் மங்கும் என்று அவருக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்வதற்குள் நீலம் திரும்பி, எல்லாம் சாப்பாடு கேட்டுக்கொண்டிருந்தன. பிணங்களைப் பார்த்தே தலை நரைத்த மனிதர், உயிரோடு இருப்பதைக் கண்டுபிடிக்கத் திணறினார்.

“என்னய இப்படி ஒரு நாள் குனிஞ்சு பாத்திருப்பியா நீ?” என்று கேட்டாள் லோர்னா. கெல்வின் தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கோடை வந்தது. வெயில் நாற்பத்தைந்தைத் தொட்ட நாளில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிணவறைக்கு மட்டும்தான். அங்கே வைத்தால் மீன் விறைத்துவிடும், வீட்டில் வைத்தால் வெந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. லோர்னாவின் காரில் ஏசி செத்து ஒரு மாமாங்கம். நல்ல ஏசி இருந்த ஒரே வண்டி, நான் ஓட்டிய அமரர் ஊர்திதான்.

இரண்டு மூடி போட்ட வாளிகளில் மீன்களை மாற்றி, பெட்டி வைக்கிற இடத்தில் ஏற்றி, ஒரு கருப்புத் துணியையும் போர்த்தினோம். பக்கத்தில் கெல்வின் மண்டிபோட்டு உட்கார்ந்தார். கடல் காற்று கிடைக்கும் என்று கடற்கரை ஊரான வாலரூ பக்கம் போகச் சொன்னார். தண்ணீர் அலம்பக் கூடாது என்பதால் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன்.

அங்கேதான் வினை. மெதுவாகப் போகும் அமரர் ஊர்தியைப் பார்த்து, சாலையோரத்தில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எதிரே வந்த லாரி ஓரங்கட்டி நின்றது. எங்களை முந்திப் போவது மரியாதை இல்லையென்று ஒவ்வொரு காராகப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நான் கண்ணாடியில் பார்த்தபோது, பகல் வெயிலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு நீள வரிசையே வந்துகொண்டிருந்தது. நிறுத்தி உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டேன். வண்டியை நிறுத்தினால் ஏசி குறையும், போய்க்கொண்டே இரு என்றார் கெல்வின்.

வாலரூ கடல்பாலத்தருகே நின்றதும் எல்லாரும் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தது ட்ரெவர் பாஸ்கோ. தொப்பி கையில் இருந்தது.

“செத்தது யாரு, கெல்வின்? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல.”

கெல்வின் துணியை விலக்கி மூடியைத் திறந்தார். ட்ரெவர் எட்டிப் பார்த்தான்.

“செத்துப்போச்சா?”

“இல்ல. கொஞ்ச நேரத்துல போயிடும். தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு.”

ட்ரெவர் தன் வண்டிக்குப் போனான். பியர் பாட்டில்களைப் புதைத்து வைத்திருந்த ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்தான். ஐஸைப் பைகளில் கட்டி வாளியில் மெல்ல மெல்ல மிதக்கவிட்டார்கள் இருவரும். பியர் வெயிலில் சூடேறியது. ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் இதைவிடப் பெரிய தியாகம் செய்து நான் பார்த்ததில்லை.

சில செத்தன. பெரும்பாலானவை பிழைத்து, கரண்ட் வந்த பிறகு கூடத்துக்குத் திரும்பின.

அந்தக் குளிர்காலத்தில் ட்ரெவர் வந்து, அம்மா தனியாக இருக்கிறாள், அவளுக்கும் ஒரு தொட்டி வைத்துக் கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். புதுத் தண்ணீர் சீக்கிரம் பக்குவப்படும் என்று கெல்வின் தன் தொட்டி வடிகட்டியில் ஊறிய பஞ்சில் பாதியை வெட்டி எடுத்துப் போய், ஏவிஸ் வீட்டில் தொட்டியை அமைத்தார். வியாழன்தோறும் மழைநீர் கேனோடு போய்க் கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிட்டு, அவள் சுட்ட ஸ்கோன் ரொட்டியைத் தின்றுவிட்டு வருவார். ஏவிஸ் தீனியை அள்ளி அள்ளிப் போடுவாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தீனி டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிட்டிகை சிட்டிகையாகக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு வருகிறார்.