வாசலில் வைத்துவிட்டுப் போ

கார்த்திகேசு எனக்கு மச்சான் முறை. ஈப்போவில் புந்தோங் பக்கம் இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகக் காஸ் தோங், அதாவது சிலிண்டர், கொண்டுபோய்க் கொடுத்தவர். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவருக்கு, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் கடையில் இந்த வேலை கிடைத்தது. தோங்கைச் சமையலறை வரை தூக்கிப் போக வேண்டும், மாட்டிக் கொடுக்க வேண்டும், சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகுதான் வெளியே வர வேண்டும். தவுக்கே அதில் மகா கண்டிப்பு. அதனால் எந்த வீட்டில் குழாய் பழசு, எந்த வீட்டு அடுப்புக்கு ஒரு கால் நொண்டி என்று மச்சானைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

தவுக்கே போய்ச் சேர்ந்த பிறகு மகன்கள் கடையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார்கள். கம்பெனி கைப்பேசிச் செயலியோடு வந்தது. ஒரு வீட்டுக்கு நான்கு நிமிடம். வாசலில் வை, படம் பிடி, கிளம்பு. உள்ளே போகக் கூடாது. பாதை மாறினாலோ, அன்றைய பட்டியலை நேரத்துக்கு முடிக்காவிட்டாலோ பேருக்கு எதிரே ஒரு சிவப்பு விழும். மாதத்தில் மூன்று விழுந்தால் வேலை போச்சு. இதற்குப் பேர் வாடிக்கையாளர் சேவையாம். என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மச்சான் பேரில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு. மூன்று மணி சுமாருக்குச் சரளா வீட்டு வாசலில் தோங்கை இறக்கினார். சரளா வீட்டு முன்னாலேயே வடையும் அப்பமும் சுட்டு விற்கிறவள். நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவாள்.

"வாரேண்ணே, இருங்க, உள்ள மாட்டிக் கொடுத்துட்டுப் போங்க!" என்று பின்பக்கத்திலிருந்து கத்தினாள்.

மச்சான் நிற்கவில்லை. படம் பிடித்துவிட்டுக் கிளம்பினார்.

அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்த அடுத்த வாடிக்கையாளர் இடுப்பில் ஆபரேஷன் செய்தவர். அவர் கெஞ்சினார். மனசு கேட்காமல் மச்சான் தோங்கை உள்ளே தூக்கிப் போய் மூடியைக் கழற்றினார். வாய்க்குள் இருக்கிற ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அப்படி மாட்டினால் காஸ் கசியாமல் இருக்காது. லோரிக்கு ஓடி இன்னும் நான்கைத் திறந்தார். மூன்றில் அதே வெடிப்பு. எல்லாம் காலையில் ஒரே அடுக்கிலிருந்து ஏற்றியவை. சரளாவுக்குக் கொடுத்ததும் அதே அடுக்குத்தான்.

மணி மூன்றரை.

கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் நம்பர் இல்லை. 'கொடுத்தாயிற்று' என்று அழுத்தியதும் செயலி வாடிக்கையாளரின் நம்பரை மறைத்துவிடும். கம்பெனிக்கு அடித்தார். மலாய்க்கு ஒன்றை அமுக்கு, இங்கிலீஷுக்கு இரண்டை அமுக்கு. பிறகு பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பதிவுக் குரல். மறுபடியும் பாட்டு. பதினொரு நிமிடம் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மச்சான் நின்னீங்க? நேரா போயிருக்கலாம்லா?" என்று பிறகு கேட்டேன்.

"பயம்தான் மாப்ள. மூணாவது சிவப்பு. இந்த வயசுல வேற யாரு வேல குடுப்பா? அவங்களே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிருவாங்கன்னு நெனச்சேன்" என்றார். அந்தப் பதினொரு நிமிடத்துக்காக அவர் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

கடைசியில் லோரியைத் திருப்பினார். பள்ளிக்கூடம் விட்ட நேரம், சாலை முழுக்க பஸ்ஸும் காருமாக அடைத்துக் கிடந்தது. பாதை மாறிவிட்டீர்கள், பாதை மாறிவிட்டீர்கள் என்று செயலி கத்திக்கொண்டே வந்தது. நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சரளா வீட்டு கேட்டைத் தள்ளினார். வாசலிலேயே காஸ் நெடி. தோங்கை மாட்டித் திறந்து வைத்துவிட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கப் போனவள், அப்போதுதான் லைட்டரும் கையுமாகச் சமையலறைக்குள் கால் வைக்கிறாள்.

"சரளா! பத்த வைக்காத! கீழ போடு!"

அவள் விக்கித்து நின்றுவிட்டாள். மச்சான் பாய்ந்து தோங்கை மூடினார், கழற்றினார், கட்டிப்பிடித்துத் தூக்கி வெளியே கொண்டு வந்தார். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்.  விஷயம் புரிந்ததும் சரளாவுக்குக் கோபம் வந்தது.

"இத அப்பவே பாத்திருக்கலாம்லாண்ணே! இருங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். ரூம்ல என் புள்ள தூங்குது!"

மச்சான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அவள் சொன்னதில் என்ன தப்பு?

அப்போது கைப்பேசி அடித்தது. அசல் மனுசக் குரல்.

"அண்ணே, கம்பெனிலேர்ந்து பேசறேன். லோரி பாதைய விட்டு நிக்குது. இது மூணாவது சிவப்பு. நாளைக்குச் சாவிய ஆபீஸ்ல கொடுத்துருங்க."

லோரி இரண்டு நிமிடம் சும்மா நின்றதற்கு ஆள் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

"சாவி கெடக்கட்டும்மா. இன்னிக்கு ஏத்துன தோங்ல வளையம் வெடிச்சிருக்கு. மத்த லோரிக்காரங்களுக்கு ஒடனே சொல்லு."

"அது வேற டிப்பார்ட்மென்டுண்ணே. கம்ப்ளேன் நம்பருக்கு அடிச்சுச் சொல்லுங்க."

மச்சான் இணைப்பைத் துண்டித்தார். காலையில் அதே அடுக்கிலிருந்து ஏற்றிக்கொண்டு காம்பார் பக்கம் போன இன்னொரு லோரிக்காரன் தனேஸ்வரனைக் கூப்பிட்டார். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அமுக்கினாராம்.

"தனேஸ், லோரிய ஓரமா நிப்பாட்டு. இது வரைக்கும் எத்தன வீட்டு வாசல்ல வெச்சிருக்க?"

"பதினாலுண்ணே" என்றான் அவன் உற்சாகமாக. "இன்னிக்கு ஒரு சிவப்புகூட இல்லலா."