திருமயத்துக்குச் சகலை போட்ட திட்டம்

திருமயம் கோட்டைக்கு அழைத்துப் போகிறேன் என்று மகளிடம் சொல்லி மூன்று கோடை விடுமுறைகள் போய்விட்டன. அறந்தாங்கியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வெயில் ஏற ஏற, புகைந்துபோன தண்ணி மோட்டார்கள் கடை வாசலில் குவியும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாத மாதம்தான் எனக்குத் தலைக்குமேல் வேலை. "அடுத்த ஞாயித்துக்கெழமை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மே மாதம் சகலை வந்தார். என் மனைவியின் அக்காள் கணவர். துபாயில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவு. ஒரு சாயங்காலம் தன் மனைவி, மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் என் மகள் திருமயம் கதையைச் சொல்லிவிட்டாள்.

"அம்புட்டுத்தானே? இந்த ஞாயித்துக்கெழமை எல்லாரும் போறோம்" என்றார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வேனுக்குப் போன் போட்டார். திரும்பும்போது புதுக்கோட்டையில் பிரியாணி என்றார். பிள்ளைகளுக்குத் தொப்பி. என் மனைவி பட்டியல் எழுதினாள். அவள் கையெழுத்து அவ்வளவு துள்ளலாக இருந்து நான் பார்த்ததில்லை.

"பெரியப்பா, மேல பீரங்கி இருக்கா?" என்று கேட்டாள் மகள். என்னிடம் பத்துத் தரமாவது கேட்டு, நானும் பதில் சொன்ன கேள்வி.

"இருக்கு தங்கம். நம்ம போற வேன் பெருசுக்கு இருக்கும்."

"அவ்வளவு பெருசெல்லாம் இல்ல" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் பத்து மணிக்குக் கிளம்பலாம் என்றதும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. "பத்து மணின்னா பாறை கொதிச்சிரும்ணே. ஏழரைக்கே கெளம்பணும்" என்றேன். மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சகலை சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஏழரை!" என்று கைதட்டினார். சண்டை பிடிக்கக்கூட இடம் கொடுக்காத மனுஷர்.

"நீங்கள்லாம் போயிட்டு வாங்க. எனக்கு அன்னைக்கு ஒரு மோட்டார் முடிச்சுக் குடுக்கணும்" என்றேன். அப்படி ஒரு மோட்டாரே இல்லை. மகள் அழுவாள், அப்பா வந்தால்தான் போவேன் என்பாள் என்று நினைத்தேன். "சரிப்பா" என்றவள், பெரியப்பா பக்கம் திரும்பி, "எனக்குச் செவப்புத் தொப்பி" என்றாள்.

அவர்கள் போனபிறகு மனைவி கேட்டாள். "எந்த மோட்டாரு?"

"ஆவுடையார்கோயில்காரரோடது."

"அது நேத்தே போயிருச்சே. நாந்தானே கடையில இருந்து எடுத்துக் குடுத்தேன்." "பொறாமையா இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. இல்லாத மோட்டார் மேல ஏன் பழியப் போடுறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் குளித்து, சட்டை மாட்டி வாசலில் நின்றேன். மோட்டார் என்னாச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டாம் என்று மனைவி சொல்லிவைத்திருப்பாள்.

கோட்டையில் மகள் பெரியப்பா கையைப் பிடித்தபடி ஏறினாள். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். மேலே பீரங்கியைப் பார்த்ததும், "பெரியப்பா, சூப்பர்!" என்று கத்தினாள். அதை அங்கே ஏற்றிவைத்ததே அவர்தான் என்பதுபோல.

அப்போதுதான் அவருடைய மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கல்லூரியில் முதல் வருஷம். வேனில் ஜன்னலோரம் இயர்போனை மாட்டிக்கொண்டு, அப்பா கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவள்.

"சித்தப்பா, இம்புட்டுக் கனத்த எப்புடி மேல ஏத்துனாங்க?"

சரித்திரம் எனக்குத் தெரியாது. பாரம் தூக்கத் தெரியும். கிணற்றுக்குள்ளிருந்து மோட்டாரைக் கப்பி போட்டு இழுப்பதை வைத்து, இப்படித்தான் உருட்டியிருப்பார்கள், இங்கே கயிறு கட்டியிருப்பார்கள் என்று கையால் காட்டிச் சொன்னேன். அவள் மறுபடி மறுபடி கேட்டாள். ஒருமுறை சத்தமாகச் சிரித்தாள்.

திரும்பினால், மதிலோரம் சகலை நின்றுகொண்டிருந்தார். என் மகள் அவர் கையை இழுத்துக்கொண்டிருக்க, அவர் பார்வை முழுக்கத் தன் மகள்மேல் இருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாகக் கண்ணாடியில் அதற்குத்தான் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

'இங்கிட்டு வாங்கண்ணே' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். இனித்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கடைசியில் அவரே வந்தார். "என்னம்மா கேட்டுக்கிட்டு இருந்த?"

"ஒண்ணுமில்லப்பா" என்று அவள் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டினாள்.

பிரியாணி சாப்பிடும்போது அவர் யாரையும் சிரிக்கவைக்கவில்லை. லீவு முடிந்து அவர் துபாய்க்குக் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.