வேப்பிலை வாசலும் பிஸ்கட் கம்பெனியும்

1. பிஸ்கட்டுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

எண்பதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கண் மருத்துவ டிரஸ்டில் ஃபீல்டு சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முதல் நாளே ஸ்பான்சர் செய்யும் பிஸ்கட் கம்பெனியின் ஆள் தேசாய் வந்து உட்கார்ந்திருந்தார். தாராவியில் சின்னக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ எண்ணெய் மருந்தை ஸ்பூனில் புகட்ட வேண்டும். அந்தச் சத்து குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், பிறகு கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வையே போய்விடும். மருந்துச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது.

பிஸ்கட் விற்கிறவர்களுக்குக் குழந்தைகளின் கண் மேல் திடீரென்று என்ன கரிசனம்? எனக்கு உறுத்தியது. பால்காரரின் அளவுக் குவளையையே இரண்டு தடவை உற்றுப் பார்க்கிறவள் நான்.

தேசாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மேடம், பீமார் பச்சே கோ மத் தேனா. குச் ஹோ கயா தோ கம்பெனி கா நாம் கராப்."

நோயில் கிடக்கும் குழந்தைக்குக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி பெயர் கெட்டுவிடுமாம்.

2. தாண்டிப் போன வாசல்கள்

மருந்து புகட்டப் போன எங்கள் பெண்களும் தாராவிவாசிகள்தான், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வேப்பிலை செருகிய வாசலைக் கண்டால் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போவார்கள். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. அவர்களுடைய வழக்கமும் தேசாயின் நிபந்தனையும் கச்சிதமாகப் பொருந்திவிட்டதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பொருத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. டிரஸ்ட் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"மணல்வாரி அம்மை வந்த கொழந்தைக்குத்தான் முதல்ல குடுக்கணும்! ஒடம்புல இருக்கற கொஞ்சநஞ்ச சத்தும் அதுல போயிடும். யாரு கூடாதுன்னா?" என்று அதட்டினார்.

அன்றே ஒரு வேப்பிலை வாசலில் போய் நின்றேன். இசக்கியம்மா மடியில் அவள் சின்ன மகள் பேச்சி முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். வெளிச்சம் பட்டாலே சிணுங்கினாள்.

"நஸ்பந்திக்கு ஆள் பிடிச்சவங்கதான நீங்க? இப்பம் பிள்ளைக்கு எதையோ ஊத்த வாறீங்களோ?" என்றாள் இசக்கியம்மா.

எமர்ஜென்சியில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் விளக்குமாற்றையே எடுத்திருப்பேன்.

"மருந்து வேண்டாம்மா. டாக்டரம்மா வந்து கண்ண மட்டும் பாக்கட்டும்."

அவள் யோசித்தாள். "குளிச்சு சுத்தமா வரச் சொல்லுங்க."

டாக்டரம்மா குளித்துவிட்டு, செருப்பை வெளியே விட்டு வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கருவிழி வெளுத்துப் போயிருந்தது.

"இது போயிடுத்து. இப்பவே மருந்து குடுத்தா இன்னொண்ணக் காப்பாத்தப் பாக்கலாம்."

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருந்து கொடுக்க மாட்டார்கள். இசக்கியம்மா வேப்பிலையைப் பார்த்தாள். "ஆத்தா, பொறுத்துக்க தாயி" என்று அழுதுகொண்டே மகளின் வாயைத் தானே திறந்து பிடித்தாள்.

வலது கண் பிழைத்தது. மறுநாளிலிருந்து வேப்பிலை வாசல்களுக்கே முதலில் போனோம். தேசாய் குதித்தார். டாக்டரம்மா அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசிய பிறகு அடங்கினார்.

3. காலண்டர் படம்

வருஷக் கடைசியில் கம்பெனி காலண்டருக்குப் படம் எடுக்க வந்தார்கள். தேசாய்க்குப் பேச்சியின் சிரிப்பு பிடித்துவிட்டது. ஆனால் வெளுத்த கண் தெரியாதபடி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பச் சொன்னார்.

"எதுக்கு மூஞ்சியத் திருப்புதாக?" என்று இசக்கியம்மா என்னைக் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன்.

அவள் போய் மகளின் தாடையைப் பிடித்து நேராக வைத்தாள்.

"ரெண்டையும் எடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு நீங்க வந்ததால பிழைச்சது. இன்னொண்ணு நீங்க வராததால போனது."

அதை நான் இந்தியில் ஒரு சொல் குறையாமல் தேசாயிடம் சொன்னேன். படம் எடுத்தார்கள். காலண்டரில் சிரித்தது வேறு குழந்தை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் கொடுக்கிறவர் நிபந்தனை போட்டால், அது யாரைக் காப்பாற்ற என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பேச்சி விஷயத்தில் அந்தக் கேள்வி ஒரு கண் தாமதமாக வந்தது.