நைனா ஒட்டிய செல்லோ

ஆவடி குவார்ட்டர்ஸில் செல்லோ என்றால் யாருக்கும் தெரியாது. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கும். மின்சார ரயிலில் காய்கறிக் கூடைகளோடுதான் அதை ஏற்ற முடியும். "உள்ள பொணமாம்மா?" என்று யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்.

விரல்தோல் உரிய உரியப் பழகி, எண்பதுகளின் கடைசியில், சினிமாப் பாட்டுக்கு வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் கடைசி நாற்காலியைப் பிடித்தேன். எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவரால் கெட்டாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கெடுத்தவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள். அந்த நாற்காலி போய்விடக் கூடாதே என்ற பயத்தில்தான் அப்போது சாப்பிட்டேன், தூங்கினேன்.

அந்தக் கோடை வெக்கையில் செல்லோவின் மேல்பலகை ஓரமாக ஒட்டு விட்டுக்கொண்டது. அது விடத்தான் வேண்டும். மரம் சுருங்கும்போது பலகை பிளக்காமல் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் வலுவில்லாத பசையைப் போட்டிருப்பார்கள். விட்ட இடத்தைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

நைனாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தொழிற்சாலையில் டாங்கிக்குப் பாகம் பொருத்துகிறவர் அவர். ஆட்டம் கண்ட எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், இரும்பையே ஒட்டுகிற பசையைக் குழைத்துப் பூசி இறுக்கிவிட்டார்.

"பிசாத்து கோந்து போட்டு ஒட்டிகீறானுங்கம்மா. இப்ப யானை கட்டி இஸ்தாலும் வராது."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். செல்லோவை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மழைக்காலம் வந்தது. ஆவடி ஈரத்தில் ஊறிய மரம் ரெக்கார்டிங் அறையின் ஏசியில் காய்ந்தது. பாட்டின் மெதுவான இடத்தில் படீரென்று ஒரு சத்தம். மேல்பலகை நெடுக்கப் பிளந்திருந்தது. எல்லோரும் வாசிப்பதை நிறுத்தினார்கள். இசையை நடத்தியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "முதல்லேருந்து" என்றார். நான் இல்லாமல் ஆரம்பித்தார்கள். அடுத்த ரெக்கார்டிங்கில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தாராம்.

வீட்டில் நைனா குனிந்து விரிசலைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் தன் ஒட்டை அழுத்தித் தடவினார்.

"பலகை மட்டம்மா. இத்த பாரு, நான் ஒட்டுன எடம் அப்டியே கீது."

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

"ஆமா நைனா" என்றேன்.